எலமான் எப்படி ஜன்னலுக்குப் போனான்?

நாரின் என்ற மலையூரில் குளிர் முற்றினால் முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் மூடுவார்கள். எச்சில் துப்பினால் தரையைத் தொடுவதற்குள் அது கல்லாகிவிடும் என்று பையன்கள் சொல்வார்கள். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வெளியே போய் வாயைத் திறக்க ஆள் வேண்டுமே!

பள்ளிக்கூடத்தை மூடலாம். உடற்பயிற்சி ஆசிரியர் கனத் சாரை மூட முடியாது. விடுமுறை விட்ட அன்று காலையிலேயே போனில், பெற்றோர் குழுவில் அவருடைய குரல் வந்து விழுந்தது.

"பிள்ளைங்களா! குளிருக்குப் பயந்து சுருண்டு கிடக்காதீங்க. தினம் ஒரு பயிற்சி சொல்லுவேன். வீட்டுலயே செஞ்சு, வீடியோ எடுத்துக் குழுவுல போடணும். போடாதவங்க, ஏன் போடலேன்னு பள்ளிக்கூடம் தொறந்ததும் என்கிட்ட நேர்ல வந்து சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு நான்காம் வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இன்னிக்குக் கயிறு தாண்டுறோம். கயிறு இல்லாதவங்க, இருக்கிறதா நெனச்சுக்கிட்டுக் குதிங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும். எங்கேருந்து சொல்லுவேன்னு கேக்காதீங்க. மூச்சு வாங்கினா அதுதான் நான் சொன்னது."

மீரிம் நான்காம் வகுப்பு. அவர்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. அம்மா அடுக்களையில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தார். மீரிம் அம்மாவின் போனை மெத்தை அடுக்கின் மேல் வைத்து, தேயிலை டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். தம்பி எலமான் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

மீரிம் குதித்தாள். அலமாரியில் இருந்த கிண்ணங்களும் கூடவே குதித்தன.

டங்! டங்! டங்!

சத்தம் ஜன்னலுக்கு அடியில் இருந்து வந்தது. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் எல்லா மாடிக்கும் ஒன்றேதான். கீழ்வீட்டில் தட்டினால் மேல்வீட்டில் மணி அடிக்கும். 'சத்தம் போடாதே' என்று அதற்கு அர்த்தம்.

எலமானுக்கு அந்த அர்த்தம் தெரியாது. யாரோ நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் குழாயருகே தவழ்ந்து போனான். போன பிறகுதான் கரண்டி கையில் இல்லை என்று தெரிந்தது. திரும்பி வந்து, கரண்டியை எடுத்து, தவழ்வதற்காக மறுபடியும் கீழே போட்டான். மீரிமுக்கே பாவமாகிவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயருகே விட்டு, கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

டிங்! என்று பதில் சொன்னான் எலமான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு பெர்மெத் அக்கா, தோளில் போர்வையோடு நின்றிருந்தார். அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம்.

"மீரிம், மேல என்ன குதிரைப் பந்தயமா நடக்குது?"

"உடற்பயிற்சி அக்கா. பள்ளிக்கூடத்துல குடுத்தது."

"விடிய விடிய நின்னுட்டு வந்திருக்கேன்மா. இப்பதான் கண்ணை மூடினேன், தலைக்கு மேல கூரை ஆடுது. சரி, நான் தட்டினா திருப்பித் தட்டுறது யாரு? அவ்வளவு கொழுப்பா?"

மீரிம் தம்பியைக் காட்டினாள். எலமான் பல் நான்கும் தெரியச் சிரித்தான். பெர்மெத் அக்காவால் அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கிப் போனார்.

"முடியலேன்னு சார்கிட்ட சொல்லிடு" என்றார் அம்மா. தையல் மிஷினின் காலுக்கு அடியில் கம்பளித் துண்டுகளை மடித்து வைத்திருந்தவர் அவர். கீழ்வீட்டுத் தூக்கத்தை அவருக்குத் தெரியும்.

கனத் சாரிடம் முடியாது என்று சொல்வதை மீரிம் கற்பனை செய்து பார்த்தாள். அதைவிட வேறு வழி தேடுவது சுலபமாக இருந்தது.

சுவரில் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு பனிச்சிறுத்தை பாறை மேல் பதுங்கியிருந்தது. சத்தம் போட்டு நடந்தால் அதற்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. மீரிம் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கைகளை ஊன்றிக் குனிந்தாள்.

முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கை. கை எடுத்த இடத்தில் கால். வயிறு தரையைத் தொடக் கூடாது, முழங்கால் தரையைத் தொடக் கூடாது. பார்க்க எளிது. அறையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. குழாய் வாயைத் திறக்கவில்லை. எலமான் பின்னாலேயே தவழ்ந்து வந்தான். கடைசியில் தன் உயரத்துக்கு இறங்கி வர இந்த வீட்டில் ஒருத்திக்குப் புத்தி வந்ததே என்று அவனுக்கு ஒரே மகிழ்ச்சி.

வீடியோவோடு மீரிம் ஒரு குரல்செய்தியும் அனுப்பினாள். "சார், கீழ்வீட்டு அக்கா ராத்திரி வேலை பாத்துட்டுத் தூங்கறாங்க. குதிக்க முடியாது. அதனால பனிச்சிறுத்தை நடை."

மதியம்தான் கனத் சாரின் பதில் வந்தது. குரல் வேறு மாதிரி இருந்தது. "மீரிம்... நானும் செஞ்சு பாத்தேன்... தொடை பிடிச்சுக்கிச்சு... எழுந்திருக்க முடியல. ரொம்ப நல்ல பயிற்சி. நாளைக்கு எல்லாரும் இதையே செய்யுங்க."

வகுப்புப் பிள்ளைகள் பலர் மறுநாள் போனில் மீரிமைத் திட்டினார்கள்.

*

எலமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனுக்கு ஒன்றேகால் வயது. இன்னும் நடக்கவில்லை. தவழ்வதில் சூரன். புறப்படும்போது கையில் இருப்பதைக் கீழே போடுவான், பிறகு உள்ளங்கைகளைப் பளார் பளார் என்று தரையில் அறைந்துகொண்டு போவான். அவன் எங்கிருந்து கிளம்பினான் என்பதைக் கீழே கிடக்கும் கரண்டியையும் கடித்த ரொட்டியையும் வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அப்பாவின் அக்கா ஷாயிர் அத்தை அடிக்கடி போன் செய்வார். "எங்க எதுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துல நடந்துச்சு. உங்க பிள்ளை என்ன, பிசைஞ்சு வச்ச மாவாட்டம் உக்காந்தே இருக்கான்?"

அம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வார். அத்தையின் குரலுக்குப் போனே தேவையில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் கனத் சார் கொக்கு நிற்பதைப் போல ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். இதில் சத்தமே இல்லை. மீரிம் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றாள். பக்கத்தில் எலமான் மெத்தை அடுக்கைப் பிடித்து எழுந்து நின்றான். டிவியின் வயரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது.

மீரிம் காலை இறக்கவில்லை. கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, அவன் போட்டிருந்த பட்டை வைத்த கால்சட்டையை முதுகுப் பக்கம் கப்பென்று பிடித்தாள். எலமான் முன்னால் பாய்ந்தான். பட்டை இழுத்துப் பிடித்தது. வாளியைத் தூக்கிப் பிடித்த மாதிரி, பாதி தொங்கியும் பாதி நின்றும், கால்களைத் தப்புத் தப்பென்று எடுத்து வைத்தான். அப்புறம் மீரிம் அவனை உட்கார வைத்துவிட்டாள்.

அம்மா கையில் ஊசியோடு வந்து, அந்த வீடியோவைப் பார்க்காமலே கனத் சாருக்கு அனுப்பினார். அப்படியே அப்பாவுக்கும் அனுப்பினார். அப்பா நிலக்கரி லாரி ஓட்டுபவர். அப்போது தோலோன் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தார்.

தேநீர் கொதிப்பதற்குள் அப்பாவின் போன் வந்தது.

"நடந்துட்டான்! என் மகன் நடந்துட்டான்! லாரியை ஓரம் கட்டிட்டு மறுபடி மறுபடி பாத்துக்கிட்டிருக்கேன்!"

அம்மா வீடியோவைத் திறந்து பார்த்தார். படத்தில் எலமான் முன்னால் நின்றான். மீரிமின் கை அவன் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. தம்பி தப்புத் தப்பென்று தனியாக நடந்துகொண்டிருந்தான்.

"ஐயோ என் கண்ணே!" என்று அம்மா எலமானைத் தூக்கி முத்தம் கொடுத்தார்.

"மீரிம்! நீ முதல் அடி வச்சப்போ நான் எங்க இருந்தேன் தெரியுமா?" அப்பா கேட்டார். "கணவாய்ல, பனிக்குள்ள மாட்டிக்கிட்டு. அம்மா போன்ல சொன்னா. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். இந்தத் தடவை நேர்ல பாக்கப் போறேன் கண்ணு. ஞாயித்துக்கிழமை கயிறு வெட்டு! அக்காகிட்ட சொல்லியாச்சு. ஆடும் பாத்தாச்சு!"

"அப்பா, அது வந்து..."

"வச்சிடறேன், சித்தப்பாவுக்குச் சொல்லணும்!"

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குத்தான் கயிறு வெட்டுவார்கள். கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிற்றால் பிள்ளையின் கால்களைக் கட்டி நிறுத்துவார்கள். மற்றப் பிள்ளைகள் பந்தயம் ஓடுவார்கள். முதலில் வருகிறவர் கயிற்றை வெட்ட வேண்டும். வெட்டியதும் பிள்ளை விருந்தாளிகள் முன்னால் நடந்து காட்டும். நடக்காத பிள்ளைக்குக் கயிறு வெட்டி, அது பொத்தென்று உட்கார்ந்துவிட்டால், அந்தக் கதை அவன் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும்.

"அம்மா, அவன் நடந்ததை நீங்க பாத்தீங்களா?" என்று மீரிம் மெல்லக் கேட்டாள்.

"வீடியோவுல பாத்தேனே!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. மீரிம் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

அன்று மாலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பியை நடக்க வைத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும்.

*

கனத் சார் தரையில் கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார். மீரிம் கம்பளிக் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டாள். எலமான் கயிற்றை எடுத்து வாயில் வைத்தான்.

தலையணைகளை மலையாக அடுக்கி ஏறி இறங்கச் சொன்னார். எலமான் ஏறினான். உச்சியில் உட்கார்ந்தான். இறங்க மறுத்தான்.

மீரிம் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டு ஒன்றைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "வா, நடந்து வா, தங்கம்" என்று கூப்பிட்டாள். மெத்தை அடுக்கைப் பிடித்து நின்றிருந்த எலமான் யோசித்தான். உட்கார்ந்தான். பளார் பளார் என்று தவழ்ந்து வந்து போர்சோக்கை வாங்கித் தின்றான். நடந்து வந்திருந்தாலும் அதே ருசிதானே என்பது அவன் கட்சி.

"நீ நடக்கலேன்னா எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிப்பாங்கடா" என்றாள் மீரிம்.

எலமான் முதல் ஆளாகச் சிரித்தான்.

சனிக்கிழமை கனத் சார் கரண்டியில் முட்டை வைத்து நடக்கச் சொன்னார். அம்மா அடுக்களையில் இருந்தே குரல் கொடுத்தார்: "முட்டை மேல கை வச்சே, பாத்துக்கோ!"

மீரிம் தன் துணிப்பையை எடுத்தாள். அதில் விளையாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த ஆட்டுக் கணுக்கால் எலும்புகள், சூக்கோ, நிறைய இருந்தன. ஒன்றைக் கரண்டியில் வைத்தாள். எலமான் பையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினான். பையிலேயே அழகானவை சிவப்புச் சாயம் பூசிய இரண்டு. அவன் வாயை அடைக்க அவற்றைக் கைக்கு ஒன்றாகக் கொடுத்துக் கதவருகே உட்கார வைத்தாள்.

கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். கரண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எலும்பு நழுவி, அடுக்களை வாசலில் இருந்த பாத்திர மூடியின் மேல் கணார் என்று விழுந்தது.

டங்! டங்! என்றது குழாய்.

"மன்னிச்சுக்குங்க அக்கா" என்று மீரிம் தரையைப் பார்த்துச் சொன்னாள். குனிந்து எலும்பைத் தேடினாள். அது அடுப்புக்கு அடியில் போயிருந்தது.

டிங்!

திரும்பிப் பார்த்தாள். எலமான் ஜன்னலுக்கு அடியில், குழாயருகே உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் சிவப்பு எலும்புகள்.

"அதுக்குள்ள தவழ்ந்து போயிட்டியா, கள்ளா!" என்றாள் மீரிம். அவனைத் தூக்கி வந்து மறுபடியும் கதவருகே விட்டுவிட்டு, தன் கரண்டியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா இமையில் பனியோடு வந்து சேர்ந்தார். எலமானைத் தூக்கி மேலே வீசிப் பிடித்தார். மீரிம் அருகில் போய், "அப்பா, ஒரு விஷயம்" என்றாள். அதே நேரத்தில் ஷாயிர் அத்தை வீட்டுக்குள் நுழைந்தார். அத்தை நுழைந்த இடத்தில் மற்றவர் பேச்சுக்கு இடம் இருக்காது.

விருந்தாளிகள் வந்தபடி இருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் கறி வெந்தது. அம்மா பெர்மெத் அக்காவையும் கூப்பிட்டிருந்தார். "ராத்திரி வேலை முடிச்சு வந்து தூங்கணும். எனக்கு ஒரு தட்டுல எடுத்து வைங்க. சத்தம் மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அவர் சொல்லியிருந்தார்.

அதனால் பந்தயத்தை வெளியே முற்றத்தில் வைத்தார்கள். கேட்டிலிருந்து கார்க் கொட்டகை வரை போய்த் திரும்ப வேண்டும். அத்தை மகன் அக்ஜோல் முதலில் வந்தான். மீரிமுக்கு ஓட்டத்தில் மனம் இல்லை. அவள் கடைசிக்கு முந்தியவளாக வந்தாள்.

எல்லோரும் மேலே ஏறி வந்தார்கள். தரையில் வெள்ளைக் கம்பளி விரித்திருந்தது. ஒரு முனையில் அம்மா எலமானைப் பிடித்து நிறுத்தியிருந்தார். மறுமுனையில், ஜன்னல் பக்கம், அப்பா குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்தார்.

"கையில என்னடா இந்த அழுக்கு எலும்பு?" ஷாயிர் அத்தை எலமானின் விரல்களைப் பிரித்துச் சிவப்பு எலும்புகளைப் பிடுங்கித் தன் பக்கத்தில் போட்டார். "கையைக் குடு. அத்தையைப் பிடிச்சுக்கிட்டு நட."

எலமான் வீறிட்டான். அக்ஜோல் கயிற்றை வெட்டினான். அம்மா ஒரு கையையும் அத்தை ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள்.

எலமான் பொத்தென்று உட்கார்ந்தான்.

தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் உட்கார்ந்தான். இன்னொரு முறை தூக்கியபோது கால்களை மடக்கிக்கொண்டு ஊஞ்சலில் தொங்குவதைப் போலத் தொங்கினான். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"கயிறு சரியா அறுபடல போலிருக்கு" என்றார் அத்தை. "அக்ஜோல், கத்தியைப் பிடிக்கத் தெரியாதாடா உனக்கு?"

"ரெண்டாப் போச்சேம்மா! இங்க பாருங்க!" அக்ஜோல் இரண்டு துண்டையும் தூக்கிக் காட்டினான்.

"வீடியோவுல நடந்தது இந்தப் பிள்ளைதானா?" என்று சித்தப்பா கேட்டார். இப்போது சிலர் வாய்விட்டே சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. விரித்த கைகள் மெல்ல இறங்கி முழங்கால் மேல் வந்து நின்றன. அதைத்தான் மீரிமால் பார்க்க முடியவில்லை.

"அவன் நடக்கவே இல்லப்பா" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த வீடியோவுல... நான் பின்னாடி பட்டையைப் பிடிச்சிருந்தேன். என் கை படத்துல தெரியல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பேசினீங்க. சொல்ல வாய் வரல."



"பட்டையையா?" என்றார் அப்பா.

"ஆமா."

அப்பா மீரிமைப் பார்த்தார். எலமானைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "பாவம், அந்த ஆட்டுக்காவது யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு, "சரி கண்ணு, விடு. இப்பவாவது சொன்னியே. நடக்கறப்போ நடப்பான்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் குரல் இறங்கிப்போயிருந்தது. நாளைக் காலையில் அவர் மறுபடியும் கணவாய் ஏறியாக வேண்டும்.

இதற்குள் எலமான் அழுதுகொண்டே அத்தையின் காலடிக்குத் தவழ்ந்து போயிருந்தான். அங்கே கிடந்த சிவப்பு எலும்புகளைக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டான். அழுகை சட்டென்று நின்றது.

மீரிம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நேற்றைய ஜன்னல் நினைவுக்கு வந்தது.

இவன் தவழ வேண்டுமென்றால் கையில் இருப்பதைக் கீழே போட வேண்டும். எப்போதும் போடுவான். நேற்று ஜன்னலடியில் இருந்தபோது இரண்டு எலும்பும் கையில் இருந்தன. கீழே போடவில்லை. கீழே போடாமல் தவழ மாட்டான். கை இரண்டும் நிறைந்திருந்தால் சுவரைப் பிடிக்கவும் முடியாது.

அப்படியானால் கதவருகிலிருந்து ஜன்னலுக்கு எப்படிப் போனான்?

"அம்மா, அவனை விடுங்க" என்றாள் மீரிம். "அத்தை, கொஞ்சம் தள்ளிக்குங்க. யாரும் கையைப் பிடிக்காதீங்க. கூப்பிடவும் வேண்டாம்."

"நீ யாருடி எனக்குச் சொல்ல!" என்றார் அத்தை. ஆனாலும் தள்ளிக்கொண்டார்.

மீரிம் தம்பியைக் கம்பளியின் முனையில் நிறுத்தினாள். எலும்புகளைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

எலமான் நின்றான். ஆடினான். வலது கை எலும்பைப் பார்த்தான், இடது கை எலும்பைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த ஷாயிர் அத்தையையும் ஒருமுறை பார்த்தான். கீழே போட்டால் யார் எடுத்துக்கொள்வார் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. பிடியை இறுக்கினான். ஆனால் நகரவில்லை.

"இப்படித் தனியா விட்டா விழுந்து மண்டைதான் ஒடையும்!" என்று அத்தை கத்தினார். அது அத்தைக்குச் சாதாரணக் குரல்தான். கிண்ணங்கள் அதிர்ந்தன.

டங்! டங்! டங்! என்றது குழாய்.

எலமானின் முகம் மலர்ந்தது. நலம் விசாரிக்கிறார்கள்! பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா?

ஒரு காலை எடுத்து வைத்தான். இன்னொரு காலை எடுத்து வைத்தான். வயிறு முன்னால் போக, முழங்கைகள் இரண்டு பக்கமும் விரிய, தப்புத் தப்பென்று வெள்ளைக் கம்பளி மேல் நடந்தான். அப்பா குந்தியபடியே இருந்தார். எலமான் அவர் பக்கம் வந்தான், அவர் காதை உரசினான், அவரைத் தாண்டிப் போனான். குழாயருகே போய் நின்று வலது கை எலும்பை ஓங்கினான்.

டிங்!

பிறகுதான் வீடே கத்தியது. சித்தப்பா தொப்பியை மேலே எறிந்தார். அக்ஜோல், "பாத்தீங்களா, கயிறை நான் நல்லாத்தான் வெட்டியிருக்கேன்!" என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னான். அம்மா சிரித்தார், அழுதார், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தார். அப்பா மீரிமை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். நிலக்கரி வாசனை வீசியது.

"நேர்ல பாத்துட்டேன்" என்றார். "காதை உரசிக்கிட்டே போனான். பாத்தியா நீ?"

"பாத்தேம்பா" என்றாள் மீரிம்.

அப்போது வாசல் கதவு திறந்தது. போர்வையும் கலைந்த முடியுமாகப் பெர்மெத் அக்கா நின்றார்.

"திருப்பித் தட்டினது யாரு?"

எலமான் திரும்பி, எலும்பைத் தூக்கிக் காட்டினான். நின்றபடியே காட்டினான். பெர்மெத் அக்கா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு போர்வையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். "தூக்கம் போனது போச்சு" என்றார். "கறியாவது சூடா வைங்க."

*

அடுத்த வாரம் குளிர் கொஞ்சம் குறைந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் கனத் சார் கடைசிப் பயிற்சியைச் சொன்னார். முன்பாதத்தில் எம்பி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கூரையைத் தொடப் பார்க்க வேண்டும்.

மீரிம் வீடியோவை அனுப்பினாள். அம்மா இந்த முறை முழுதாகப் பார்த்துவிட்டு அப்பாவுக்கும் அனுப்பினார்.

அப்பா கணவாய்க்கு அந்தப் பக்கம் லாரியை ஓரம் கட்டினார். படத்தில் மீரிம் எம்பி நின்றாள். அவளுக்குப் பின்னால், கைக்கு ஒரு சிவப்பு எலும்போடு, எலமான் அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மிக முக்கியமான வேலையாகப் போனான்.

அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோனார். விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். எலமானின் முதுகுப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். அங்கே யாருடைய கையும் இல்லை.

மீரிமின் கைகள் இரண்டும் அவள் தலைக்கு மேலே, பத்து விரலும் விரிந்து, நன்றாகத் தெரிந்தன.